பெயருக்கு முன்னால்

அக்டோபர் 6, ஞாயிறு

லிப்ஸ்டிக் போடாமல் பேச மாட்டேன் என்று அத்தை இன்றைக்கும் ஒரே அடம். "இதுல முகமே வராது அத்தை, குரல் மட்டும்தான்" என்று நானும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். "போட்டுக்கிட்டுப் பேசினாத்தான் குரல் எடுப்பா வரும்" என்கிறார். சரி தாயே, போடுங்கள்.

எங்கள் ஒலிப்பதிவு நிலையம் என்பது வாசல் பக்கம் குளிர்காலக் கோட்டுகள் தொங்குகிற ஒரு பொந்து. கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மைக், அத்தை. வெளியே கதவைப் பிடித்தபடி நான். அவர் ஹ்மோங் மொழியில் ஒரு வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்வார், பிறகு மெதுவாகச் சொல்வார். நான் அதை வெட்டி ஒட்டி, பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் தமிழிலும் விளக்கம் எழுதி இணையத்தில் ஏற்றுவேன். யார் வேண்டுமானாலும் சும்மா கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் வைக்கலாமா என்று அத்தையின் மகன், என் கணவர் மெங், ஆரம்பத்தில் கேட்டார். "நான் பேசுறதுக்கா காசு? வெளியில சொல்லிடாத, அசிங்கம்" என்று அத்தை அவரை முறைத்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏதோ மொழிச் சேவை செய்கிறேன் என்று என் அலுவலகத்தில் எல்லோரும் மெச்சுகிறார்கள். சேவையாவது ஒன்றாவது! கல்யாணமாகி அமெரிக்காவில் இந்த செயின்ட் பாலுக்கு வந்த புதிதில், மாமியாரோடு சண்டை போடக்கூட எனக்கு வார்த்தை இல்லை. கோவில்பட்டிக்காரிக்கு இதைவிடக் கேவலம் உண்டா? அந்த ரோஷத்தில் கற்க ஆரம்பித்தது, இப்போது பாடமாக வளர்ந்து நிற்கிறது. இங்கே பிறந்த ஹ்மோங் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தங்கள் பாட்டி சொல்வது புரிவதில்லை. அவர்கள்தான் எங்களுக்கு முதல் மாணவர்கள்.

"தமிழ்ல யாரு படிக்கப் போறா, செம்?" என்று மெங் கேட்டார். நான் படிப்பேன் என்றேன். எனக்குத் தமிழில் எழுதினால்தான் மண்டையில் ஏறுகிறது.

முதல் பாடம் "சாப்பிட்டாச்சா?" ஹ்மோங் வீட்டில் கால் வைத்ததும் கேட்கிற கேள்வி அதுதான். நம் ஊர் மாதிரியே.

அக்டோபர் 9, புதன்

எங்கள் பாடங்களைக் கேட்க எந்த ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று காட்டுகிற பக்கத்தைப் பார்த்தேன். மினசோட்டா, விஸ்கான்சின், கலிபோர்னியா. பிரான்சில்கூட ஒருவர். தமிழ் விளக்கப் பக்கத்துக்கு ஒரே ஒருவர், தமிழ்நாடு என்று காட்டுகிறது.

ரோபோவாக இருக்கும். இணையத்தை மேய்வதற்கென்றே ரோபோக்கள் திரிகின்றன.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், முகம் பார்க்க முடியாது. எடுத்தவுடன் பின்னால் டிவி கத்திக்கொண்டிருந்தது. "ஏட்டி செம்பகம், சொல்லு" என்று அம்மா என் பெயரைச் சொன்னதும் டிவி நின்றுவிட்டது. போன வாரமும் இப்படித்தான்.

"என்னம்மா, டிவி நின்னுட்டு?"

"கரண்டு போயிருச்சு போல."

ஆனால் மின்விசிறி கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்களோ என்னவோ.

அப்பா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதில்லை. அம்மாவாகச் சொல்வாள். "இவுக கடைக்குப் போயிட்டு வந்துட்டாக." "இவுகளுக்கு மூட்டு வலி." கடலைமிட்டாய்க் கடை நன்றாகப் போகிறதாம். மெங்கை நான் இங்கேயே பதிவு செய்து கட்டிக்கொண்ட செய்தியைச் சொன்ன நாளிலிருந்து, ஆறு வருஷமாக அப்பா என்னோடு பேசுவதில்லை. 'எவனோ ஒரு சீனாக்காரன்' என்று சொன்னதோடு சரி. சீனாக்காரர் இல்லை அப்பா, ஹ்மோங், லாவோஸ் மலையிலிருந்து அகதியாக வந்த குடும்பம் என்று விளக்குவதற்குள் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டார். பிறகு நானும் விளக்கவில்லை. எனக்கும் அவர் மூக்குதான், அவர் கோபம்தான்.

அம்மா 'இவுக' என்பதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. இந்தக் காலத்திலும் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். ரேஷன் கார்டு ஆபீசில் "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டபோது, சுவரில் தொங்கிய காலண்டரைக் கை காட்டினாளாம். காலண்டரில் அய்யனார் சாமி குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனுஷர் படத்தைப் பார்த்துவிட்டு, "குதிரையா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா இதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்றைய பதிவு: பெயர்கள். பெண் பெயர், ஆண் பெயர், அதற்கான அர்த்தம். என் மகள் பா கூவின் பெயருக்குப் பொற்பூ என்று பொருள். அம்மா போனில் பொன்னு என்றுதான் கூப்பிடுவாள். கேட்க நன்றாக இருக்கிறது.

அத்தை கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போனார். திடீரென்று, "இது சின்ன வயசுப் பேரு. ஆம்பளைங்களுக்குப் பெரியவர் பேரு தனியா இருக்கு, அதுக்கு ஒரு பாடம் போடணும். அடுத்த வாரம் பாவுக்கு வைக்கிறாங்க இல்ல, அதையே படம் புடிச்சுப் போட்டுடு" என்றார். பாவ் என்பது மெங்கின் தம்பி.

பெரியவர் பெயரை ம்பே லாவ் என்கிறார்கள். ஒருவன் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, குடும்பஸ்தனானதும், பெண் கொடுத்த மாமனார் மாமியார் வந்து அவன் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் சேர்ப்பார்களாம். அன்றிலிருந்து அவன் பெரிய மனுஷன். ஊர்ப் பெரியவர்களோடு பந்தியில் உட்காரலாம், நல்லது கெட்டதில் வாய் திறக்கலாம்.

"அப்போ மெங்கோட பெரியவர் பேரு என்ன அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை லிப்ஸ்டிக்கைத் திறந்து திரும்பவும் பூச ஆரம்பித்தார். "அவனுக்கு யாரு வைக்கிறது? உங்க அப்பா அம்மாதான வைக்கணும்" என்று தொங்குகிற கோட்டுகளைப் பார்த்துச் சொன்னார்.

மைக் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும்.

அக்டோபர் 21, திங்கள்

மெங்கிடம் கேட்டேன். அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர் பாத்திரத்தைத் தேடிப் போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் விடுவேனா? துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லி? நீ உங்க அப்பாவுக்குப் போன் பண்ணி, என் புருஷனுக்குப் பேர் வைங்கன்னு கேப்பியா?"

"கேப்பேன்!"

"கேக்க மாட்டே. கேட்டாலும் எனக்கு வேணாம் செம். கேட்டு வாங்குறதில்ல அது. அவங்களா குடுக்கணும்." ஒரு தட்டைக் கழுவி, அதையே மறுபடி கழுவினார். "ஹீட்டர் ரிப்பேர் பண்ணப் போற வீட்ல எல்லாம் மெங்னுதான் கூப்பிடுறாங்க. ஒண்ணும் குறைஞ்சு போகல."

குறைந்து போகாதவர் எதற்கு ஒரே தட்டை இரண்டு தடவை கழுவுகிறார்?

அக்டோபர் 26, சனி

பாவுக்குப் பெயர் வைக்கும் சடங்கு. பன்றிக்கறி, ஒட்டும் அரிசிச் சோறு, காரமான மிளகாய்த் துவையல் (இது ஒன்றுக்காகவே நான் இந்தச் சாதியில் வாக்கப்பட்டிருக்கலாம்). பாவின் மாமனார் எழுந்து நின்று புதுப் பெயரைச் சொன்னார். சோங் பாவ். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு வெள்ளை நூலை எடுத்து, வாழ்த்துச் சொல்லி அவன் மணிக்கட்டில் கட்டினார்கள். எல்லோரும் அவனைப் புதுப் பெயரால் கூப்பிட்டுக் கோப்பையை நீட்டினார்கள். நாவ் சூ என்கிற மெங்கின் பெரியப்பாதான் எல்லாவற்றையும் நடத்தி வைத்தார். மெங்கின் அப்பா, மெங் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டதால், அந்தக் குடும்பத்தில் எதற்கும் பெரியப்பாதான்.

நான் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீள மேஜை. பெயர் வாங்கினவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது பாவும் உட்கார்ந்துவிட்டான். அண்ணன்காரர் நிற்கிறார். கல்யாணமாகாத பையன்களோடு சேர்ந்து சோற்றுக் கூடை தூக்குகிறார். "டேய் மெங், ஐஸ் தீர்ந்து போச்சு" என்று எவனோ ஒருவன் மேஜையிலிருந்து கத்தினான். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஐஸ் எடுக்க ஓடினார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். யார் மேல் என்று தெரியவில்லை. ஐஸ் கேட்டவன் மேலா, ஓடினவர் மேலா, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வெட்டிக்கொண்டிருக்கிற மனுஷர் மேலா? கேமரா ஆடிவிட்டது. அந்த இடத்தையும் வெட்ட வேண்டும்.

நவம்பர் 2, சனி

பெரியவர் பெயர் பாடத்துக்கு விளக்கம் எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். தமிழில் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன். மனைவியைப் பெற்றவர்கள்தான் வைக்க வேண்டும், வேறு யாரும் வைக்க முடியாது, பெயருக்கு முன்னால் சேர்க்க வேண்டும், அதுவரை அவன் எத்தனை வயதானாலும் சின்னப் பையனாகத்தான் நடத்தப்படுவான் என்று விவரமாக. எழுதுகிறதை முழுசாக எழுத வேண்டும் இல்லையா, அதற்காகத்தான். யாருக்கும் ஜாடை மாடையாகச் சொல்வதற்கு இல்லை.

எந்த மாதிரியான பெயரை வைப்பார்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுத நினைத்தேன். அதற்குள் பா கூ பாலைத் தரையெல்லாம் கொட்டிவிட்டாள். துடைத்துவிட்டு வந்து அப்படியே ஏற்றிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ரோபோ வந்தது. பெரியவர் பெயர்ப் பக்கத்தைத் திறந்தது. மூடியது. திறந்தது.

நவம்பர் 7, வியாழன்

இந்த ரோபோவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கோவில்பட்டியில் கடையைச் சாத்திவிட்டு மத்தியானம் சாப்பிட வருகிற நேரமாகப் பார்த்துத்தான் வருகிறது. சாப்பிட்டாச்சா பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஒரு தடவை கேட்டால் மனப்பாடம் செய்கிற இயந்திரத்துக்கு எதற்கு இத்தனை தடவை?

மெங்கிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ரோபோதான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

அம்மாவின் கேள்விகள் ஒரு தினுசாக இருந்தன.

"ஏட்டி, அங்க பேரு வைக்கதுக்கு நாளு கிழமை பாப்பாகளா?"

"எந்தப் பேரும்மா?"

"சும்மா கேட்டேன். பேருன்னா பேருதான். மாமனாரு நேர்லதான் நிக்கணுமா, போன்ல சொன்னாப் போதுமா?"

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"எனக்கா? எனக்கு என்னத்துக்கு யாரும் சொல்லணும்? எனக்கா தோணுச்சு." பின்னால் யாரோ மெதுவாக என்னவோ சொன்னார்கள். "அப்புறம், பன்னிக்கறி இல்லாம கோழிக்கறி போட்டாச் செல்லுமான்னு கேளு" என்றாள் அம்மா.

அம்மாவுக்கே தோன்றியதாம்! போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சரி, அழுதேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அம்மாவுக்கு நான் போன் செய்வதற்குள் அங்கிருந்தே கூப்பிட்டார்கள். அம்மாவின் நம்பர் இல்லை. அப்பாவுடையது. ஆறு வருஷமாக என் போனில் பெயராக மட்டும் கிடந்த நம்பர்.

"ஏ, செம்பகம்."

"சொல்லுங்கப்பா."

"பாடத்துல கொர்ருன்னு ஒரு எரைச்சல் வருது. மூணாம் பாடத்துல இருந்து வருது. ஃபிரிட்ஜா?"

ஆறு வருஷம் கழித்து அப்பன் மகளிடம் பேசின முதல் பேச்சு இது. "ஆமாப்பா, ஃபிரிட்ஜ்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்றேன்.

"அத நிப்பாட்டிட்டு எடுக்க வேண்டியதுதான? அந்தம்மா எம்புட்டு அழகா சொல்லிக் குடுக்காக. எரைச்சல்ல பாதி கேக்க மாட்டேங்கு."

"நீங்க கேக்கீங்களாப்பா?"

"நான் எங்க கேக்கேன், உங்க அம்மைதான் கேக்கா. நான் சும்மா பக்கத்துல இருப்பேன்." பட்டன் போன் வைத்திருக்கிற அம்மா இணையத்தில் ஹ்மோங் படிக்கிறாளாம். பிறகு அப்பாவின் குரல் ஏறியது. "அது சரி, அந்தப் பையனுக்கு நாங்கதான் பேரு வைக்கணுமாம்ல? ஆறு வருசமா அவனைப் பேரில்லாம நிப்பாட்டி வச்சிருக்க! ஐஸ் எடுக்க ஓடுதான், நான் பாத்தேன்ல வீடியோவுல! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு உனக்கு?"

ஐஸ் எடுக்க ஓடுகிற இடத்தை வெட்ட மறந்திருக்கிறேன்.

"நீங்க பேசுனாத்தானப்பா நான் சொல்றதுக்கு?"

"நீ பேசுனியா?"

"நீங்கதான போனைக் குடுத்துட்டுப் போனீங்க?"

"குடுத்துட்டுப் போனா திரும்பக் கூப்பிட மாட்டியோ? பெரிய கலெக்டரு!"

நன்றாகச் சண்டை போட்டோம். மூச்சு வாங்க, தொண்டை கட்ட, சந்தோஷமாகச் சண்டை போட்டோம். இடையில் அம்மா, "போன் சூடாயிருச்சு, வைங்க" என்றாள். வைப்பதற்கு முன்னால் அப்பா, "பேரு நான் யோசிச்சுட்டேன். நாளு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

மெங்கிடம் சொன்னேன். பாத்திரம் எதுவும் கழுவுவதற்கு இல்லை. கழுவி வைத்திருந்த குக்கரை எடுத்துக் கழுவினார்.

நவம்பர் 18, திங்கள்

பதிவுக்காக ஃபிரிட்ஜை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். பால் போச்சு, மீன் போச்சு. ஆனால் பாடம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பெரியப்பா நாவ் சூ வந்து, வருகிற சனிக்கிழமை காலை என்று முடிவு செய்தார். அங்கே அப்போது ராத்திரி ஏழரையாக இருக்கும். கோழிக்கறி செல்லுமாம். மாமனார் போனில் வரலாமா என்று கேட்டதற்கு, "குரல் வந்தாப் போதும், ஆள் எங்க இருந்தா என்ன" என்றார்.

அப்பா ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார். பெட்டி நிறையக் கடலைமிட்டாய், மெங்குக்கு ஒரு வேட்டி. வேட்டியைக் கட்டி அவிழ்ந்து விழாமல் நடப்பதற்கு ஒரு வாரம் பயிற்சி கொடுக்க வேண்டும். அத்தை அதற்குள் மிட்டாயில் பாதியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

டிசம்பர் 14, சனி

எல்லாம் முடிந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

போனை மேஜைத் தலைப்பில், சோற்றுக் குக்கர் மேல் சாய்த்து வைத்தோம். திரையில் அப்பாவும் அம்மாவும். அப்பா சலவை வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அம்மா பட்டுச்சேலை. பின்னால் அதே மாதிரியான அய்யனார் காலண்டர். அத்தை முன்னால் வந்து குனிந்து பார்த்ததும், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹ்மோங் மொழியில், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். தப்பில்லாமல் கேட்டார். அத்தை கையைத் தட்டிக் குதித்துவிட்டார். "என் பாடம்! என் பாடம்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, லிப்ஸ்டிக்கைச் சரிசெய்து கொண்டார்.

மெங் வேட்டியோடு நடுவில் நின்றார். பெரியப்பா, "பெண்ணைப் பெத்தவங்க பேரைச் சொல்லலாம்" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அய்யனார். அய்யனார் மெங்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பெரியப்பா அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஐ... யா... நா. நல்ல பேரா இருக்கு. அர்த்தம் என்ன?" என்று கேட்டார்.

"என்ன அர்த்தமா? அது என் பேருல்லா" என்றார் அப்பா.

நான் மொழிபெயர்த்தேன். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியப்பா மரியாதையாகத்தான் சொன்னார்: "எங்க குடும்பத்துல, உயிரோட இருக்கிற பெரியவர் பேரை இன்னொருத்தருக்கு வைக்கிறதில்ல. புதுசா, வாழ்த்துற மாதிரி ஒரு சொல்லா வைப்போம். தைரியம், செழிப்பு, அப்படி. அவருக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்ல வேண்டும்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பால் கொட்டிய அன்றைக்கு எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி! மெங் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதோடு போச்சு, அப்பா எழுந்துபோய் டிவியைப் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே, பெரியப்பா சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு உங்க வழக்கம் தெரியாதுய்யா. பாடத்துல பேருக்கு முன்னாடி வைக்கணும்னு போட்டிருந்துச்சு. எங்க ஊருல ஒருத்தன் பேருக்கு முன்னாடி வர்றது அவன் அப்பன் பேரு ஒண்ணுதான். வேற எவன் பேரும் வராது. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், பத்திரிகையிலயும் அப்படித்தான். இந்தப் பையனுக்கு அப்பா இல்லன்னு சொன்னாக. நான் பேரு வைக்கணும்னும் சொன்னாக. பெறகு நான் வேற என்னத்த வைப்பேன்? எனக்கும் ஆம்பளப் பிள்ளை கிடையாது. என் பேர எவனுக்கும் முன்னாடி போட நான் குடுத்து வைக்கல. அதான் குடுத்துட்டேன். தப்புன்னா சொல்லுங்க, மாத்திக்கிடுவோம்."

இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அத்தைதான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் முடிக்கும் முன்பே மெங் முழங்காலிட்டார். ஹ்மோங் மாப்பிள்ளைகள் பெரியவர்களை வணங்குகிற மாதிரி, நெற்றி தரையில் படக் குனிந்தார். எழுந்தார், மறுபடி குனிந்தார். குக்கர் மேல் இருந்த போனைப் பார்த்து. வேட்டி அவிழ்ந்து கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

"ஏ, என்னய்யா இது, எந்திரிங்க மாப்ள, எந்திரிங்க" என்று அப்பா பதறினார்.

பெரியப்பா நாவ் சூ மற்றப் பெரியவர்களோடு குனிந்து என்னவோ பேசினார். பிறகு கோப்பையைக் கையில் எடுத்தார். "என் தம்பி போனதுல இருந்து இந்தப் பையனுக்கு முன்னால யாரும் இல்ல. இப்ப ஒருத்தர் வந்து நிக்கிறார். இதை நாங்க எப்படி மாத்துறது?" என்றார். திரையைப் பார்த்து இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "ஐயாநா மெங். வா, உக்காரு."

மெங் உட்கார்ந்தார். மேஜையில், பெரியப்பாவுக்குப் பக்கத்தில். பாவ் எழுந்து போய் அண்ணனுக்கு ஐஸ் எடுத்து வந்தான்.

நூல் கட்ட ஆரம்பித்தார்கள். கோவில்பட்டியிலிருந்து கட்ட முடியாதே, அதனால் அப்பாவுக்கும் அம்மாவுக்குமாக அத்தை இரண்டு நூல் கட்டினார். ஒவ்வொருவராகப் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கோப்பை நீட்டினார்கள். கடைசியில் பெரியப்பா, "மாமியாரும் ஒரு தடவை கூப்பிடணும்" என்றார்.

நான் சொன்னதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் எப்படிட்டி சொல்லுவேன்?"

"ஏன், உன் மாப்பிள்ளை பேரத்தான சொல்லப்போற" என்றார் அப்பா. மூஞ்சியில் அப்படி ஒரு குறும்பு.

அம்மா திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். கையைக்கூடத் தூக்கிவிட்டாள். பிறகு கையை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "அய்யனாரு..." என்று சொல்லி நிறுத்தினாள். மூச்சு விட்டாள். "...மெங்கு. நல்லா இருங்க மாப்ள."

எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் பெரியவர் பெயர்ப் பாடத்தைத் திறந்தேன். விட்டுப்போன அந்த வரியை எழுதிச் சேர்த்தேன். நாளைக்கு இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது, படிக்கிற பிள்ளைகளுக்குச் சரியானதைத்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கீழேயே இன்னும் ஒரு வரி எழுதினேன்: எங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரி.

வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். அத்தை மிச்சமிருந்த மிட்டாயையும் முடித்துவிட்டு, அடுத்த பாடம் சமையல் என்று அறிவித்திருக்கிறார். ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

பிறகு கோவில்பட்டியிலிருந்து அப்பா போனில் அம்மா கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பின்னால் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, யாரும் நிறுத்தவில்லை. மெங்கிடம் போனைக் கொடுத்தேன். அம்மா ஒரே நாளில் தேறிவிட்டாள். வாய் நிறைய, வெட்கமே இல்லாமல், "அய்யனாரு சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை" என்றார் மெங், நான் சொல்லிக்கொடுத்த தமிழில்.

"எங்க சாப்பிட்டேன்? நீ இன்னும் எலையே போடலியே!" என்று டிவிக்குப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நான் உங்களக் கேக்கல" என்றாள் அம்மா.